சாதுவான தொடக்கம், எச்7-ல் ஒரு பிஷப்: எந்த ஓப்பனிங்கை எடுப்பது?

என் அக்கா மகளுக்கு 11 வயது. தாராவி 90 அடி சாலைப் பக்கம் வீடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் சயானில் எங்கள் கட்டிடத்து மொட்டை மாடியில் அவளையும் சேர்த்து ஏழு பிள்ளைகளுக்கு செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். மழைக்காலம் வந்துவிட்டால் பலகைகளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படித் திருப்பத்தில் உட்கார்ந்துவிடுவோம். மற்ற ஆறு பேருக்கும் ஒரு சிப்பாய் போனாலே முகம் வாடிவிடும். இவளுக்கு மட்டும் காயைக் கொடுப்பதில்தான் ஆசை. குதிரையைக் கொடுத்து எதிராளி ராஜாவை வெளியே இழுத்துவிட்டால் போதும், அப்புறம் உட்காரவே மாட்டாள், எழுந்து நின்றுதான் ஆடுவாள்.

போன வருடம் வரை அவளுக்கு ஃப்ரைட் லிவர் என்ற அதிரடித் தாக்குதல் போதுமாக இருந்தது. (பலகையின் நெடுவரிசைகள் ஏ முதல் எச் வரை, குறுக்கு வரிசைகள் வெள்ளைப் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை; எச்7 என்றால் எச் வரிசையில் ஏழாவது கட்டம். காயின் பெயர் இல்லாமல் கட்டத்தை மட்டும் சொன்னால் அது சிப்பாய் நகர்த்தல்.) நான்காவது நகர்த்தலிலேயே குதிரையை ஜி5-க்கு ஓட்டி, எஃப்7-ல் விழுந்து, பத்து நிமிடத்தில் ஆட்டத்தை முடித்துவிடுவாள். இந்த வருடம் அது நின்றுபோனது. அவள் வயதுப் பிள்ளைகள் யூடியூபில் அதற்கான பதிலைப் பார்த்துவிட்டார்கள். சிப்பாயை டி5-க்குத் தள்ளி, அடுத்து குதிரையை ஏ5-க்கு வைத்து பிஷப்பை மிரட்டுகிறார்கள், கொஞ்சமும் தயங்குவதில்லை. அதன் பிறகு இவளுடைய பிஷப்பும் குதிரையும் ஓடி ஒளிவதிலேயே நேரம் போகிறது. தாணேயில் ஒரே போட்டியில் இரண்டு ஆட்டங்களை இப்படித் தோற்றாள்.

ஆகவே புதிதாக ஒன்று தேட வேண்டியிருந்தது. என் நிபந்தனை, முதல் பத்து நகர்த்தலில் எதையும் பணயம் வைக்காத அமைதியான ஓப்பனிங்காக இருக்க வேண்டும். அவள் நிபந்தனை, "கடைசியில வெட்டிக் குடுக்க ஒரு வழி இருக்கணும் மாமா."

இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதுவதாக நான் நினைக்கவில்லை. 1889-ல் ஆம்ஸ்டர்டாமில், பின்னாளில் உலக சாம்பியனான இமானுவல் லாஸ்கர் தன் 20 வயதில், பாவர் என்பவருக்கு எதிராக எஃப்4, ஈ3, பி3 என்று சிப்பாய்களைச் சின்னச் சின்னதாக நகர்த்தித் தொடங்கினார். பதினைந்தாம் நகர்த்தலில் ஒரு பிஷப்பை எச்7-ல் கொடுத்தார், பதினேழில் இன்னொன்றை ஜி7-ல் கொடுத்தார். எதிராளி ராஜாவுக்கு முன்னால் சுவரே இல்லாமல் போனது. 1883 லண்டன் போட்டியில் பிளாக்பர்னுக்கு எதிராக சுகர்டோர்ட் ஆடியதும் அப்படித்தான்: சி4, ஈ3, பி3 என்று தூங்குகிற மாதிரி ஒரு தொடக்கம், 28-ஆம் நகர்த்தலில் ராணியையே நீட்டினார். அமைதியான ஓப்பனிங்கில் காய்கள் ஒன்றையொன்று சீக்கிரம் வெட்டிக்கொள்வதில்லை. எல்லாம் பலகையிலேயே இருக்கும். இருப்பதால்தான் பிறகு கொடுப்பதற்கும் மிச்சம் இருக்கிறது.

(பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. என் அம்மா நெல்லைக்காரர், பிஷப்பை மந்திரி என்பார். மும்பைப் பிள்ளைகளுக்கு அது ஊண்ட், அதாவது ஒட்டகம். அவர்கள் வஜீர் என்று சொல்வது ராணியை. வஜீர் என்றாலும் மந்திரிதான். "மந்திரியை வெட்டு" என்று பாட்டி சொல்லி, பேத்தி ராணியை வெட்டிய நாளும் உண்டு. குழப்பம் வேண்டாம் என்று இங்கே பிஷப் என்றே எழுதுகிறேன்.)

இரண்டு மாதம் நான்கு ஓப்பனிங்குகளை மாற்றி மாற்றி ஆடிப் பார்த்தோம். லண்டன் சிஸ்டம், இத்தாலியனின் மெதுவான வழி, கிங்ஸ் இந்தியன் அட்டாக், கோலே சிஸ்டம். இதே கேள்வியோடு இருக்கிற அப்பா அம்மாக்களுக்கும் பயன்படட்டும் என்று, பார்த்ததை எழுதுகிறேன்.

முதலில் லண்டன். இப்போது எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் லண்டன்தான். டி4, குதிரை எஃப்3, பிஷப் எஃப்4, ஈ3, சி3. எதிராளி என்ன ஆடினாலும் முதல் ஏழெட்டு நகர்த்தலை அப்படியே வைத்துவிடலாம். 1922 லண்டன் போட்டியில் பலமுறை ஆடப்பட்டதால் வந்த பெயர். சோம்பேறிகளின் ஓப்பனிங் என்று சிலர் ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன். 2023-ல் அஸ்தானாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பின் ஆறாவது ஆட்டத்தில் டிங் லிரென் இதை ஆடித்தான் நெப்போம்னியாச்சியை வென்றார். தாக்குதலுக்கும் இடம் இருக்கிறது. கறுப்பு தன் பிஷப்பை டி6-க்குக் கொண்டுவந்தால் நாம் ஜி3-க்குப் பின்வாங்குவோம். அவர்கள் அங்கே வெட்டினால் எச் சிப்பாயால் திருப்பி வெட்டலாம். நாம் இன்னும் கோட்டை கட்டவில்லை (ராஜாவை ஓரமாக ஒதுக்கி, யானையை உள்ளே கொண்டுவரும் ஒரே நகர்த்தல் அது) என்றால், எச்1-ல் இருக்கும் யானைக்கு எச்7 வரை பாதை திறந்துவிடும்.

ஆனால் என் மாடியில் நடந்தது வேறு. லண்டன் ஆடிய பிள்ளைகள் எதிராளியின் நகர்த்தலைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார்கள். கறுப்பு ராணி பி6-க்கு வந்து பி2 சிப்பாயைக் குறிவைக்கும். இவர்கள் பாட்டுக்கு சி3 ஆடிக்கொண்டிருப்பார்கள். இவளும் அப்படித்தான் ஆனாள். மனப்பாடம் முடிகிற இடத்தில், "இப்ப என்ன மாமா?" என்று கேட்டாள். தியாகம் செய்ய விரும்பும் பிள்ளைக்கு முதல் தேவை எதிராளியின் காய்கள் எங்கே இருக்கின்றன என்று பார்க்கும் பழக்கம். அதைக் கெடுக்கிற எதையும் 11 வயதில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இத்தாலியனை அவளுக்கு முன்பே தெரியும். பிஷப் சி4 வரை அவளுடைய பழைய பாதைதான். அதன் பிறகு குதிரையை ஜி5-க்கு ஓட்டாமல் சி3, டி3 என்று நிதானமாக ஆட வேண்டும். இதற்கு இத்தாலியர்கள் வைத்த பெயர் ஜுவோகோ பியானிஸ்ஸிமோ, மிக மிக அமைதியான ஆட்டம் என்று அர்த்தம். பி1 குதிரை டி2, எஃப்1, ஜி3 என்று சுற்றி எஃப்5-க்கு வந்து உட்காரும். கறுப்பு எச்6 ஆடியிருந்தால், சி1 பிஷப் அங்கே விழுந்து ராஜாவின் முன்வாசலை உடைக்கும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் எல்லாம் கூடிவர 18, 20 நகர்த்தல் ஆகிவிடும். நாங்கள் போகும் போட்டிகளில் ஆளுக்கு 15 நிமிடம்தான். அத்தோடு இது இருபுறமும் கூர்மை உள்ள கத்தி. நாம் சீக்கிரம் கோட்டை கட்டி எச்3 ஆடி, எதிராளி இன்னும் கோட்டை கட்டாமல் இருந்தால், அவன் ஜி5, ஜி4 என்று நம் ராஜா மேலேயே ஏறி வருவான்.

இத்தாலியன் குடும்பம் என்றதும் நான் அவளுக்கு ஒரு ஆட்டத்தைக் காட்டாமல் விட முடியவில்லை. 1895, ஹேஸ்டிங்ஸ். ஸ்டெய்னிட்ஸுக்கு வயது 59. முந்தைய வருடம்தான் லாஸ்கரிடம் உலகப் பட்டத்தை இழந்திருந்தார். எதிரில் பார்டெலெபென். ஐந்தாம் நகர்த்தலிலேயே டி4 ஆடப்பட்டதால் இது மெதுவான வழி இல்லை, அதன் அண்ணன் மாதிரியான ஜுவோகோ பியானோ. பதினேழாம் நகர்த்தலில் ஸ்டெய்னிட்ஸ் டி4-ல் இருந்த தன் சிப்பாயை டி5-க்குத் தள்ளி இலவசமாகக் கொடுத்தார். எதற்கு? அந்த டி4 கட்டம் அவருடைய குதிரைக்குத் தேவைப்பட்டது. சிப்பாய் வழிவிட்டது, குதிரை டி4 வழியாக ஈ6-ல் போய் உட்கார்ந்தது. 22-ஆம் நகர்த்தலில் யானை ஈ7-ல் வெட்டி செக் கொடுத்தது. ராஜா அதை வெட்டினால் இன்னொரு யானை ஈ1-க்கு வந்து செக் கொடுக்கும், அப்புறம் மீள முடியாது. ராணி வெட்டினால் சி8 யானை போகும். அந்த யானை ஏழாம் வரிசையில் ஈ7, எஃப்7, ஜி7, எச்7 என்று ஒவ்வொரு கட்டமாகச் செக் கொடுத்துக்கொண்டே நடந்தது. அதை வெட்ட யாராலும் முடியவில்லை. பார்டெலெபென் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வெளியே போய்விட்டார். கடிகாரம் ஓடி முடிந்தது. மேட் வரை எப்படிப் போகும் என்பதை ஸ்டெய்னிட்ஸ் சுற்றி நின்றவர்களுக்கு ஆடிக் காட்டினார்.

இவள் அதைப் பார்த்துவிட்டு யானையைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன். "அந்தச் சிப்பாயை எப்படி மாமா குடுக்கத் தோணுச்சு?" என்றுதான் கேட்டாள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

மூன்றாவது கிங்ஸ் இந்தியன் அட்டாக். ஜி3, பிஷப் ஜி2, கோட்டை, டி3, குதிரை டி2, ஈ4. பிறகு ஈ5 வரை சிப்பாயை நகர்த்தி, எச் சிப்பாயை மெல்ல மெல்ல ஏற்றுவது. இதன் உச்சம் 1967-ல் துனிசியாவின் சூஸ் நகரில் ஃபிஷர் மங்கோலியாவின் மியாக்மார்சூரெனை வென்ற ஆட்டம். கறுப்பின் சிப்பாய்கள் ராணிப் பக்கத்தில் வேகமாக இறங்கிக்கொண்டிருந்தன. கடைசியில் ஒன்று சி2 வரை வந்து, ராணியாக ஒரே கட்டம் பாக்கி என்று நின்றது. ஃபிஷர் அதைத் தடுக்கவே இல்லை. ராணியைக் கொடுப்பதற்கு இரண்டு நகர்த்தல் முன்னால் அவர் செய்தது என்ன தெரியுமா? எச்3-ல் இருந்த பிஷப்பைத் திரும்ப ஜி2-க்கு இழுத்தார். அவ்வளவு ஓட்டத்துக்கு நடுவில் ஒரு பின்வாங்கல். 31-ஆம் நகர்த்தலில் ராணி எச்7-ஐ வெட்டியது, மியாக்மார்சூரென் அங்கேயே ஆட்டத்தை விட்டுவிட்டார். தொடர்ந்திருந்தால் ராஜா ராணியை வெட்டும், எச் சிப்பாய் ஜி6-ல் வெட்டிச் செக் கொடுக்கும், ராஜா அதையும் வெட்டும், ஜி2 பிஷப் ஈ4-க்கு வந்து மேட்.

இதை எங்கள் குழுவில் 14 வயதுப் பையன் ஒருவனுக்குக் கொடுத்தேன். ஈ4-க்கு ஈ6 என்று ஃபிரெஞ்ச் ஆடுகிறவர்கள் அவனுக்கு அடிக்கடி வருகிறார்கள், பொறுமையும் அவனுக்கு உண்டு. இவளுக்கு வேண்டாம். 25 நகர்த்தல் காத்திருக்கச் சொன்னால் 12-ல் எதையாவது கொடுத்துவிடுவாள், அது தியாகமாக இருக்காது, தூக்கிப் போடுவதாக இருக்கும்.

மிச்சம் கோலே. என் தேர்வு இதுதான். எட்கார் கோலே பெல்ஜியக்காரர், 1897-ல் பிறந்து 34 வயதிலேயே இறந்துபோனவர். அவர் வழி மிகச் சாதாரணமானது: டி4, குதிரை எஃப்3, ஈ3, பிஷப் டி3, சி3, இன்னொரு குதிரை டி2, கோட்டை, யானை ஈ1. எட்டு நகர்த்தல் வரை எல்லாக் காய்களும் தங்கள் பக்கத்திலேயே நிற்கும், நடுக்கோட்டைத் தாண்டாது. ஒன்பதாவதில் ஈ4. அந்த ஒரு சிப்பாயோடு எல்லாம் திறக்கும்.

1930-ல் நீஸ் நகரில் அயர்லாந்தின் ஓஹேன்லனுக்கு எதிராக அவர் ஆடிய ஆட்டம் 20 நகர்த்தல்தான். ஒரு பிள்ளை முழுசாக மனதில் வைத்துக்கொள்ளக்கூடிய அளவு. ஈ4 ஆடியதும் கறுப்பு வெட்டியது. ஈ4 கட்டத்தில் இரு பக்கக் குதிரைகளும் மாறின. பார்ப்பதற்குச் சாதாரண மாற்றம். ஆனால் அதில்தான் எல்லாம் நடந்துவிட்டது. கறுப்பு இழந்தது எஃப்6 குதிரையை, அதாவது எச்7-ன் காவலாளியை. வெள்ளை இழந்தது டி2 குதிரையை, அதாவது தன் சி1 பிஷப்பை அடைத்துக்கொண்டிருந்த காயை. காவல் போன அதே நேரத்தில் பாதையும் திறந்துகொண்டது. கறுப்பு அடுத்த நகர்த்தலில் டி7 குதிரையை எஃப்6-க்குக் கொண்டுவந்திருந்தால் எச்7-க்கு மறுபடி காவல் கிடைத்திருக்கும். ஓஹேன்லன் டி4-ல் ஒரு சிப்பாயை வெட்டினார். கோலே பன்னிரண்டாம் நகர்த்தலில் பிஷப்பை எச்7-ல் கொடுத்தார். ராஜா வெட்டியது, குதிரை ஜி5-ல் செக், ராஜா ஜி6-க்கு ஏறியது, எச்4, பிறகு யானை ஈ6-ல் விழுந்தது. ராஜா எச்6-க்கு வந்து சேர்ந்தபோது, சி1 பிஷப் தன் இடத்தை விட்டு நகராமலேயே அதைக் குறிபார்த்துக்கொண்டிருந்தது.

எச்7-ல் பிஷப்பைக் கொடுப்பதை செஸ் ஆட்கள் கிரீக் கிஃப்ட் என்பார்கள். இத்தாலியின் கிரெகோ காலத்திலிருந்து, அதாவது 17-ஆம் நூற்றாண்டிலிருந்து தெரிந்த வித்தை. எல்லாருக்கும் தெரிந்தது என்பதாலேயே இது ஒரு பிள்ளைக்குச் சரியான முதல் பாடம் என்பேன். ஏனென்றால் இது எப்போது வேலை செய்யும் என்பதைக் கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இவள் நோட்டில் எழுதி வைத்திருப்பவை இவை: எச்7-ஐ யார் பார்க்கிறார்கள், எஃப்6-லோ எஃப்8-லோ குதிரை இருக்கிறதா? என் குதிரை ஜி5-க்குப் போனால் அதை யாராவது வெட்ட முடியுமா? ராணி அடுத்த நகர்த்தலிலேயே எச்5-க்கோ ஜி4-க்கோ வர வழி இருக்கிறதா? ராஜா ஜி8-க்குத் திரும்பாமல் ஜி6-க்கு ஏறினால் என்னிடம் என்ன இருக்கிறது? கடைசிக் கேள்விதான் கடினம், பெரும்பாலான தியாகங்கள் தோற்பதும் அங்கேதான். கோலேயின் ஆட்டத்திலேயே ராஜா ஜி8-க்குத் திரும்பியிருந்து, வெள்ளை ராணி எச்5-க்கு வந்ததும் கறுப்புக் குதிரை ஈ5-க்குப் பாய்ந்து எஃப்7-ஐக் காத்திருந்தால், அவ்வளவு சுலபமாக முடிந்திருக்காது. அதையும் அவளுக்குக் காட்டினேன். தியாகம் செய்தவர் ஜெயித்துவிட்டார் என்பதற்காக அதைச் சரியென்று சொல்லிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை.

கோலேயில் குறை இல்லையா? இருக்கிறது. கறுப்பு ஜி6 ஆடி பிஷப்பை ஜி7-ல் வைத்தால், நம் டி3 பிஷப் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும். கறுப்பு தன் பிஷப்பை சீக்கிரமே எஃப்5-க்குக் கொண்டுவந்தால், டி3-ல் இரண்டும் மாறிப் போய்விடும், கொடுப்பதற்குப் பிஷப்பே இருக்காது. பயிற்சி எடுத்த பிள்ளைகள் இந்த இரண்டில் ஒன்றைத்தான் ஆடுகிறார்கள்.

இங்கேதான் லண்டனை நான் முழுசாக விடாமல் வைத்துக்கொண்டேன். டி4, குதிரை எஃப்3 என்று இரண்டு நகர்த்தல் மட்டும் ஆடிவிட்டு, எதிராளியைப் பார்க்கச் சொன்னேன். ஜி6 வந்தால் பிஷப்பை எஃப்4-க்கு வெளியே கொண்டுவந்து லண்டன் மாதிரி ஆடு. பிஷப் எஃப்5 வந்தால் சி4 ஆடு, ராணியை பி3-க்கு அனுப்பு. பிஷப் விட்டுப்போன பி7 சிப்பாய் தனியாக நிற்கும். ஈ6 வந்தால்தான் ஈ3, பிஷப் டி3, கோலே. அந்த ஈ6 சிப்பாய் சி8 பிஷப்பைத் தன் வீட்டுக்குள்ளேயே பூட்டிவிடுகிறது, எஃப்5-க்கு வந்து எச்7-ஐக் காக்க அதற்கு வழி இல்லை. இப்படிச் சொன்னபோது லண்டனில் காணாமல் போயிருந்த அந்தப் பார்க்கும் பழக்கம் மூன்றாவது நகர்த்தலிலேயே திரும்பி வந்தது. எனக்கு இதுதான் கோலேயைத் தேர்ந்தெடுத்ததன் முழுக் காரணம். பிள்ளைக்குக் காத்திருக்கப் பொறுமை இருந்து, ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும் போட்டிகளில் ஆடுகிறது என்றால், இத்தாலியனின் மெதுவான வழியைத்தான் எடுக்கச் சொல்வேன். அதில் கற்க நிறைய இருக்கிறது, வயது ஏறினாலும் கூடவே வரும். இவளும் இரண்டு வருடத்தில் அங்கே போகட்டும்.

ஒரு எச்சரிக்கைக்காக ஆனந்த் ஆட்டம் ஒன்றையும் வைத்தேன். 2013, நெதர்லாந்தின் வைக் ஆன் ஸே போட்டி, ஆரோனியனுக்கு எதிராக, கறுப்புக் காய்களோடு. அதுவும் ஈ3, பிஷப் டி3 என்று போகும், செமி ஸ்லாவ் என்ற அமைதியான ஓப்பனிங்தான். எச்7-ஐ முதலில் வெட்டியது ஆரோனியனின் குதிரை. ஆனந்த் அதைத் திருப்பி வெட்டக்கூட இல்லை. தன் குதிரையை ஜி4-க்கு அனுப்பினார், பிஷப்பை சி5-ல் வெட்டுக்கு வைத்தார், இன்னொரு குதிரையை ஈ5-ல் வைத்தார். 23 நகர்த்தலில் எச்7-ஐ வெட்டியவர் தோற்றுப்போனார். 1907-ல் லோட்ஸ் நகரில் ருபின்ஸ்டைன், ரோட்லெவியை வென்ற ஆட்டத்தை அப்படியே நினைவுபடுத்தும் ஆட்டம் அது. அதுவும் கறுப்பு ஜெயித்தது, அதுவும் சாதுவான தொடக்கம். எச்7 எல்லோருக்கும் திறந்த வாசல் இல்லை என்று அவளுக்குப் புரிந்தது.

போன மாதம் மறுபடி தாணேயில் ஒரு போட்டி. நான்காவது சுற்றில் கோலே அப்படியே வந்தது. கோட்டை, யானை ஈ1, ஈ4, எதிராளி ராஜா ஜி8-ல். நான் தடுப்புக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் டி3 பிஷப்பின் பக்கம் கையைக் கொண்டுபோய், தொடாமல், திரும்ப மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு நிமிடம் போனது. குதிரையை ஈ5-க்கு நகர்த்தினாள். ஆட்டம் டிராவில் முடிந்தது.

திரும்பும்போது ஸ்லோ லோக்கல். விக்ரோலி வரும்வரை அவள் பேசவில்லை.

"எச்7-ல வெட்டலாம்னு இருந்தேன் மாமா."

"ஏன் வெட்டல?"

"யானையை ஈ8-க்கு வச்சிட்டு, குதிரையை எஃப்8-க்குக் கொண்டுவந்துட்டான். எஃப்8 குதிரை எச்7-ஐப் பாக்கும்ல."

பையிலிருந்து காந்தப் பலகையை எடுத்து மடியில் வைத்து அந்த நிலையை அடுக்கினாள். அந்தக் குதிரையை அங்கிருந்து எப்படி விரட்டுவது என்று இருவரும் தேடினோம். எச் சிப்பாயை ஏற்றிப் பார்த்தாள், ஈ5 குதிரையை ஜி4-க்கு அனுப்பிப் பார்த்தாள், ஒன்றும் பிடிபடவில்லை. குர்லா போனது. சயான் வந்ததும் பலகையை மடக்காமல், காய்கள் அப்படியே இருக்க, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு இறங்கினாள்.